வரி இல்லாத ஊருக்குப் போனால் ட்ரேடருக்கு மிச்சமாகுமா?

“இங்க கிடந்து முப்பது பெர்சன்ட் வரி கட்டுகதுக்கு, துபாயில போயி இருந்து ட்ரேட் பண்ணினா ஒரு பைசா வரி இல்ல மக்களே.”

நாகர்கோவில், மார்த்தாண்டம், குளச்சல் பக்கம் பங்குச்சந்தைப் பேச்சு எடுத்தால் இந்த வாக்கியம் ஏதாவது ஒரு வடிவில் வந்துவிடும். வளைகுடாவில் மாமாவோ மச்சானோ இல்லாத குடும்பம் நம் மாவட்டத்தில் அபூர்வம். அதனால் ‘அங்க டாக்ஸ் கிடையாது’ என்பது நமக்குப் பழகிய பேச்சு. சம்பளத்துக்குப் போகிறவர்கள் சொன்னவரை அது ஓரளவு சரியாகவும் இருந்தது. இப்போது செல்போனில் டீமேட் கணக்கு, அதாவது பங்குகளை மின்னணு வடிவில் வைக்கும் கணக்கு, வைத்திருக்கும் இளைஞர்களும் அதையே சொல்கிறார்கள். ஆனால் அந்த வாக்கியத்தில் ட்ரேடருக்கு முழுசாகப் பொருந்துவது துபாய் என்ற ஊர்ப்பெயர் மட்டும்தான். முப்பது சதவீதம் என்பதும் சரியில்லை, ஒரு பைசா இல்லை என்பதும் சரியில்லை, அங்கே போய் இருந்து இங்குள்ள சந்தையில் ட்ரேட் பண்ணுவது என்பது அதைவிடச் சிக்கல்.

வரியில் அனுபவமே இல்லாதவருக்கும் புரியும்படி இதைப் பிரித்துப் பார்க்கலாம்.

யாரைப் பற்றிப் பேசுகிறோம்

சொந்தப் பணத்தை, சொந்தக் கணக்கில், சொந்த முடிவில் பங்குச்சந்தையில் போட்டு எடுத்து, அந்த வருமானத்தில் குடும்பம் நடத்துகிறவர் அல்லது நடத்த நினைக்கிறவர். இவரைத்தான் இந்தக் கட்டுரையில் ட்ரேடர் என்கிறேன். இவருக்கு முதலாளி கிடையாது. ஆகவே பிஎஃப் கிடையாது, ஈஎஸ்ஐ கிடையாது, கிராஜுவிட்டி கிடையாது. இந்த மாதம் ஒரு லட்சம் வரும், அடுத்த மாதம் எண்பதாயிரம் கைநஷ்டமாகும். வருமானம் இப்படி ஏறி இறங்குவதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கட்டுரை முழுக்க இதைத் தொட்டுத்தான் போகப்போகிறது.

தோவாளையில் ஒரு பூ வியாபாரி

தோவாளைச் சந்தையில் விடிகாலையில் பிச்சியும் மல்லியும் எடுத்துத் திருவனந்தபுரத்துக்கு அனுப்பும் ஒரு வியாபாரியை நினைத்துக்கொள்வோம். ஓணம் சமயத்தில் நல்ல காசு, ஆடியில் விலை எப்படிப் போகும் என்று சொல்ல முடியாது. ஒரு நாள் அவர் 50,000 ரூபாய்க்குப் பூ எடுத்து 54,000-க்கு விற்கிறார். அந்த 54,000 அவருடைய விற்றுமுதல். லாபம் 4,000. அந்த நாலாயிரத்திலும் கமிஷன், ஏற்றுகூலி, வண்டி வாடகை எல்லாம் போகவேண்டும். வருமான வரி கேட்பது கடைசியில் நிற்கும் தொகையைப் பார்த்து. கமிஷனும் வண்டி வாடகையும் அப்படி இல்லை. பூ வாடிப்போய்ப் பாதி விலைக்குப் போன நாளிலும் அவற்றைக் கொடுத்தாக வேண்டும்.

இன்னொன்று. இவர் வீடு களியக்காவிளைக்கு அப்பால் கேரளத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டை எங்கே மாற்றினாலும் பூ வாங்குவது தோவாளையில்தான். அங்குள்ள கமிஷனை அவர் வீட்டு விலாசம் மாற்றப்போவதில்லை. வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் மட்டும் வீடு இருக்கும் ஊரின் விலைக்குப் போகும்.

ட்ரேடரின் கணக்கும் இதே கணக்குதான். லாபத்தைப் பார்த்து விழும் வரி ஒன்று, லாபமே இல்லாவிட்டாலும் போகும் செலவு இன்னொன்று. சந்தை இருக்கும் நாடு ஒன்று, வீடு இருக்கும் நாடு இன்னொன்று. ‘அங்க டாக்ஸ் இல்ல’ என்கிறவர் இந்த நான்கில் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு மற்றதை விட்டுவிடுகிறார்.

முப்பது சதவீதம் எங்கே தொடங்குகிறது

இந்தியாவில் ட்ரேடிங் வருமானம் ஒரே பெட்டியில் விழுவதில்லை. பங்கை வாங்கி டீமேட்டில் வைத்திருந்து விற்றால் அது மூலதன ஆதாயம். பன்னிரண்டு மாதத்துக்குள் விற்றால் குறுகிய கால ஆதாயம், 20% வரி. அதற்கு மேல் வைத்திருந்தால் நீண்ட கால ஆதாயம், ஆண்டுக்கு 1.25 லட்சம் வரை வரி இல்லை, மிச்சத்துக்கு 12.5%. இந்த விகிதங்கள் 2024 ஜூலை 23 முதல் நடப்பில் உள்ளவை. அன்றே வாங்கி அன்றே விற்கும் இன்ட்ராடே, யூக வியாபார வருமானம். பங்கின் வருங்கால விலையை வைத்துப் போடும் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் எனப்படும் எஃப் அண்ட் ஓ ஒப்பந்தங்களில் வருவது சாதாரண வியாபார வருமானம். கடைசி இரண்டுக்கும் தனி விகிதம் கிடையாது. கடை வைத்திருப்பவரின் வருமானம் போலவே அவை அடுக்கு வரிக்குப் போகும்.

அடுக்கு வரி என்றால் வருமானத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு விகிதம் போடுவது. 2025-26 நிதியாண்டின் புதிய வரி முறையில் முதல் 4 லட்சத்துக்கு எதுவும் இல்லை. 4 முதல் 8 லட்சம் வரையான பகுதிக்கு 5%, 8 முதல் 12 வரை 10%, 12 முதல் 16 வரை 15%, 16 முதல் 20 வரை 20%, 20 முதல் 24 வரை 25%. 24 லட்சத்துக்கு மேல் இருக்கும் பகுதிக்குத்தான் அந்தப் பிரபலமான 30%. மொத்த வருமானம் 12 லட்சத்துக்குள் நின்றால் தள்ளுபடி கிடைத்து வரியே இல்லாமல் போகும், மூலதன ஆதாயம் போன்ற தனி விகித வருமானங்களுக்கு இந்தத் தள்ளுபடி பொருந்தாது.

எஃப் அண்ட் ஓ-வில் செலவெல்லாம் போக ஆண்டுக்கு 15 லட்சம் லாபம் பார்க்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். இரண்டாம் பகுதிக்கு 20,000, மூன்றாம் பகுதிக்கு 40,000, மிச்சமுள்ள 3 லட்சத்துக்கு 45,000. கூட்டினால் 1,05,000. அதன்மேல் செஸ் எனும் கூடுதல் வரி 4% சேர்த்து 1,09,200 ரூபாய். பதினைந்து லட்சத்தில் இது 7.28%. மொத்த வரியை மொத்த வருமானத்தால் வகுத்து வரும் இந்த எண்ணைச் சராசரி வரி விகிதம் என்பார்கள். இரண்டு நாடுகளை ஒப்பிடுகிறவர் முதலில் எடுக்கவேண்டிய எண் இதுதான். மேலடுக்கு விகிதம் பேசுவதற்குக் கவர்ச்சியாக இருக்கும், பையிலிருந்து போவது சராசரி.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: வரி லாபத்துக்கு, விற்றுமுதலுக்கு அல்ல. மேலடுக்கு 30% என்பதால் மொத்தத்தில் 30% போவதில்லை. எந்த வகை ட்ரேடிங் என்பதைப் பொறுத்து வரியின் பெட்டி மாறும்.

லாபம் வந்தாலும் வராவிட்டாலும்

பூ வியாபாரியின் கமிஷனுக்கு இணையானது இங்கே எஸ்டிடி, அதாவது பங்குப் பரிவர்த்தனை வரி. ஒவ்வொரு பரிவர்த்தனையிலும் ப்ரோக்கரே பிடித்து அரசுக்குக் கட்டிவிடுவார். டெலிவரி என்பது பங்கை அன்றே விற்காமல் டீமேட்டில் எடுத்துவைப்பது. அதில் வாங்கும்போது 0.1%, விற்கும்போது 0.1%. பார்க்கச் சின்ன எண். ஒரு லட்ச ரூபாய் முதலை ஆண்டுக்கு ஐம்பது தடவை வாங்கி விற்றுப் பாருங்கள். தடவைக்கு ஏறத்தாழ 200 ரூபாய், ஆண்டுக்கு 10,000. போட்ட முதலில் பத்தில் ஒரு பங்கு, லாபமா நஷ்டமா என்று கேட்காமலே போய்விட்டது. ப்ரோக்கரேஜ், அதற்கு 18% ஜிஎஸ்டி, முத்திரைக் கட்டணம் எல்லாம் தனி.

இந்த இடத்தில் ஒரு கசப்பான எண்ணையும் சொல்லவேண்டும். பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, அதற்கு முந்தைய மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ-வில் இறங்கிய தனிநபர்களில் 93% பேர் நஷ்டம் அடைந்தார்கள். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். ஆளுக்குச் சராசரியாக 2 லட்சம், செலவுகளையும் சேர்த்து. இந்த 93 பேருக்கு ட்ரேடிங்கில் வருமான வரி ஏற்கனவே பூஜ்யம்தான். வரி இல்லாத நாட்டுக்குப் போனால் அவர்களுக்குப் புதிதாக எதுவும் மிச்சமாகாது. ஊர் மாறினால் வரி மிச்சமாகுமா என்ற கேள்வியே மீதமுள்ள ஏழு பேருக்கானது. தான் எந்தப் பக்கம் என்பதை ப்ரோக்கர் தரும் லாப நஷ்ட அறிக்கையை எடுத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். பார்க்க மனது வராது, அது வேறு விஷயம்.

பாஸ்போர்ட் வேறு, வரிவாசம் வேறு

ஒரு நாட்டின் வரிச் சட்டம் உங்களைத் தன் ஆளாகக் கணக்கில் எடுத்துக்கொள்வதை வரிவாசம் என்று சொல்லலாம். இதற்கும் குடியுரிமைக்கும் பெரும்பாலான நாடுகளில் நேரடித் தொடர்பு இல்லை. அமெரிக்கா பெரிய விதிவிலக்கு, அதன் குடிமக்கள் உலகில் எங்கே வாழ்ந்தாலும் அங்கே கணக்குக் காட்டவேண்டும். இந்தியாவில் முக்கியமான அளவுகோல் நாட்கணக்கு. ஒரு நிதியாண்டில் 182 நாளோ அதற்கு மேலோ இங்கே இருந்தால் நீங்கள் இந்திய வரிவாசி, உலகின் எந்த மூலையில் வந்த வருமானத்துக்கும் இங்கே கணக்கு உண்டு. வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊருக்கு வந்து போகிறவரின் இந்திய வருமானம் 15 லட்சத்தைத் தாண்டினால் 120 நாள் என்ற கணக்கும் உள்ளே வரும். அதே 15 லட்சத்துக்கு மேல் இந்திய வருமானம் இருந்து, வேறெந்த நாட்டிலும் வரிக்கு உட்படாத இந்தியக் குடிமகனை வரிவாசியாகவே கருதும் விதியும் 2020-21 முதல் இருக்கிறது. இதன் நுணுக்கங்களை ஆடிட்டரிடம் விட்டுவிடுவோம்.

சரி, ஒருவர் உண்மையிலேயே துபாய்க்குக் குடிபோய் என்ஆர்ஐ, அதாவது இந்திய வரிக் கணக்கில் வெளிநாட்டுவாசி, ஆகிவிட்டார். அப்புறம்?

நிஃப்டியும் ரிலையன்ஸும் வாங்கி விற்பதுதான் அவர் தொழில் என்றால், சந்தை இன்னும் இந்தியாவில்தான் இருக்கிறது. இந்தியப் பங்கை விற்று வரும் ஆதாயத்துக்கு இந்தியா வரி விதிக்கும், அதுவும் மூலத்திலேயே டிடிஎஸ் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத்தான் கொடுப்பார்கள். பங்குகளில் இன்ட்ராடே செய்ய என்ஆர்ஐக்கு அனுமதி இல்லை, டெலிவரி எடுத்தே ஆகவேண்டும். எஃப் அண்ட் ஓ-வை இந்தியாவில் வைத்திருக்கும் ரூபாய்ப் பணத்திலிருந்து, வெளிநாட்டுக்குத் திருப்பி எடுத்துப்போக முடியாத அடிப்படையில்தான் நடத்தவேண்டும். துபாயில் ஏசி போட்டு உட்கார்ந்து இங்கே நடத்திய அதே வியாபாரத்தை அப்படியே தொடரலாம் என்ற கனவு பெரும்பாலும் இங்கேயே நின்றுவிடும்.

அதைவிட ஆச்சரியம் ஒன்று உண்டு. நாகர்கோவிலில் இருக்கும் ஒருவருக்கு வேறு வருமானமே இல்லை, பங்குகளில் குறுகிய கால ஆதாயமாக 3 லட்சம் வந்தது. அவர் வரிவாசி என்பதால் முதல் 4 லட்சத்துக்கான விலக்கை இந்த ஆதாயத்துக்கே பயன்படுத்திக்கொள்ளலாம், வரி பூஜ்யம். அதே 3 லட்சம் துபாயில் இருக்கும் அவர் தம்பிக்கு வந்தால் அந்த விலக்கு கிடையாது. முதல் ரூபாயிலிருந்து 20%, அதாவது 60,000, செஸ் சேர்த்து 62,400. வரி இல்லாத ஊருக்குப் போன தம்பிதான் வரி கட்டுகிறார்.

சுருக்கமாக: நீங்கள் எந்த நாட்டு வரிவாசி, வருமானம் எந்த நாட்டில் பிறக்கிறது என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் வரி தெரியும். வீட்டை மட்டும் மாற்றினால் பாதி வேலைதான் ஆகும்.

வரி என்று பெயர் வைக்காத செலவுகள்

இப்போது நம் ஆள் அமெரிக்கச் சந்தையிலோ தங்கத்திலோ மட்டும் ட்ரேட் செய்கிறார், இந்தியா பக்கமே வருவதில்லை என்று வைத்துக்கொள்வோம். துபாய் அடங்கிய அமீரகத்தில் தனிநபர் வருமான வரி கிடையாது என்பது உண்மை. 2023 ஜூனில் வந்த 9% நிறுவன வரி 3,75,000 திர்ஹாமுக்கு மேற்பட்ட தொழில் லாபத்துக்கு விழும், ஒருவர் தன் சொந்தப் பணத்தை முதலீடு செய்து பெறும் வருமானம் பொதுவாக அதற்குள் வராது. இதுவரை நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் அரசாங்கம் எங்கேயாவது பணம் திரட்டித்தானே ஆகவேண்டும்? 2018 முதல் அங்கே 5% வாட் வரி உண்டு. துபாயில் வாடகைக்கு இருப்பவரிடம் ஆண்டு வாடகையில் 5% வீட்டுக் கட்டணமாக, தண்ணீர் மின்சாரப் பில்லோடு மாதாமாதம் பிரித்து வாங்கிவிடுவார்கள். மருத்துவக் காப்பீடு கட்டாயம். விசா செலவு, சாலைச் சுங்கம், பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி. வேலைக்குப் போனவருக்கு இதில் பலதைக் கம்பெனி ஏற்றுக்கொள்ளும். ட்ரேடருக்குக் கம்பெனி ஏது? வளைகுடாவில் இருபது வருடம் இருந்து வீடு கட்டிய மாமாவின் கணக்கு ட்ரேடருக்குப் பொருந்தாமல் போவது இந்த இடத்தில்தான். தங்குமிடமும் டிக்கெட்டும் கடைசியில் ஒரு பணிக்கொடையும் அவருக்குக் கம்பெனி கொடுத்தது. அவர் கையில் நின்றது வரி இல்லாததால் மட்டும் நின்ற பணம் அல்ல.

எண்ணில் பார்ப்போம். ஒரு திர்ஹாமை 24 ரூபாய் என்றும், குடும்பத்தோடு இருக்க ஒரு சின்ன ஃபிளாட்டுக்கு ஆண்டு வாடகை 60,000 திர்ஹாம் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். வாடகை 14.4 லட்சம் ரூபாய். 5% வீட்டுக் கட்டணம் மட்டும் 72,000. ஆண்டுக்கு 15 லட்சம் லாபம் பார்க்கும் நம் ட்ரேடர் இங்கே கட்டிய வரி 1,09,200. அதை மிச்சம் பிடிக்கப் போன இடத்தில் அதில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே ஒரு கட்டணத்துக்குப் போய்விட்டது, வாடகை கொடுத்ததும் சாப்பாட்டுக்கே காசு இல்லை. முதலில் அவரை உள்ளே விடவும் மாட்டார்கள். துபாயில் இருந்தபடி வெளிநாட்டு வேலை பார்ப்பதற்கான விசாவுக்கு மாதம் 3,500 டாலர் வருமானம் காட்டவேண்டும். அதுவே ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய்க்கு மேல்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆண்டுக்கு ஒரு கோடி ரூபாய் எஃப் அண்ட் ஓ லாபம் உள்ளவருக்கு இங்கே பெரிய வருமானத்துக்கான கூடுதல் வரியான சர்சார்ஜும் செஸ்ஸும் சேர்த்து 29.5 லட்சம் வரி வரும். அவருக்கு அமீரகத்தின் வாடகை சுமையாகத் தெரியாது. உண்மையிலேயே அங்கே வாழ்ந்து, இந்தியாவுக்கு வெளியே உள்ள சந்தையில் ட்ரேட் செய்தால் மிச்சம் பெரிய மிச்சம்தான். வரி இல்லாத நாடு யாருக்கு லாபம் என்றால் இவருக்கு. வருமானம் கூடக்கூட வரி கூடும், வாடகை ஓரளவோடு நின்றுவிடும். வருமானம் குறைந்தால் வரி தானே குறையும், வாடகை குறையாது. ஏறி இறங்கும் வருமானக்காரருக்கு வரியைவிட வாடகைதான் ஆபத்தான செலவு என்று நான் நினைப்பது இதனால்தான்.

‘வளைகுடா என்றாலே வரி இல்லை’ என்ற பேச்சும் மெல்லப் பழசாகிறது. சவூதியில் 2020 ஜூலை முதல் வாட் 15%. பஹ்ரைனில் 2022 முதல் 10%. ஓமான் 2028 ஜனவரி முதல், ஆண்டுக்கு 42,000 ரியாலுக்கு மேற்பட்ட தனிநபர் வருமானத்துக்கு 5% வரி என்று சட்டம் போட்டுவிட்டது. வளைகுடா நாடுகளில் இது முதல் தடவை. நம் ஊரிலிருந்து போகும் பெரும்பாலோரை அந்த வரம்பு தொடாது, ஆனாலும் கதவு திறந்துவிட்டது.

மற்ற நாடுகளில் எப்படி

சிங்கப்பூரில் மூலதன ஆதாய வரி இல்லை. ஆனால் ட்ரேடிங்கையே தொழிலாக நடத்துகிறீர்கள் என்று வரித்துறை முடிவு செய்தால் அது வருமானமாகி, 24% வரை போகும் அடுக்கு வரிக்குள் வந்துவிடும். பொருள் சேவை வரி 2024 முதல் 9%. கார் வாங்க முதலில் ஏலத்தில் உரிமச் சான்று எடுக்கவேண்டும், அந்தச் சான்று மட்டுமே லட்சம் சிங்கப்பூர் டாலரைத் தாண்டிய மாதங்கள் பல.

ஜெர்மனியில் 25% மூலதன ஆதாய வரி, அந்த வரியின்மேல் 5.5% கூடுதல், ஆக 26.375%. ஆண்டுக்கு முதல் 1,000 யூரோவுக்கு விலக்கு.

பிரிட்டனில் பங்கு ஆதாயத்தில் ஆண்டுக்கு 3,000 பவுண்டு வரை விலக்கு, அதன்மேல் வருமானத்தைப் பொறுத்து 18% அல்லது 24%. அங்கே ஸ்ப்ரெட் பெட்டிங் என்று ஒரு முறை உண்டு, பங்கை வாங்காமல் விலை ஏறுமா இறங்குமா என்று பந்தயம் கட்டுவது. சட்டத்தின் பார்வையில் அது சூதாட்டம் என்பதால் சாதாரண ஆளுக்கு அதில் வரும் லாபத்துக்கு வரி இல்லை. கேட்டதும் நம் ஆட்களுக்குக் கண் விரியும். அதே காரணத்தால் அதில் வரும் நஷ்டத்தை எந்த வரியிலும் கழிக்கவும் முடியாது.

இந்த நாடுகளை வெறும் விகிதத்தால் அடுக்கினால் ஜெர்மனி கடைசியில் நிற்கும். ஆனால் பிரிட்டனில் மருத்துவமனைக்குப் போனால் பில் நீட்டமாட்டார்கள், வரிப் பணத்தில் நடக்கும் பொது மருத்துவம் அது. அமெரிக்காவில் வேலைக்குப் போகாதவர் மருத்துவக் காப்பீட்டைத் தானே வாங்கவேண்டும், அதற்கு ஆகும் செலவு பல குடும்பங்களில் வரிக்குச் சமமாக உறுத்தும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியில் ஒரு அறுவை சிகிச்சை செய்துகொண்டு திரும்புகிறவர், தன் வரி எங்கே போகிறது என்று கேட்டால் பதில் கொஞ்சம் கையிலேயே இருக்கிறது. கட்டும் வரியையும் அது திரும்ப வரும் வழியையும் சேர்த்துப் பார்க்காமல் நாட்டை ஒப்பிடுவது எனக்கு அரைக் கணக்காகத்தான் படுகிறது.

மிச்சப் பணம் எதை வாங்கும்

வாழ்க்கைத் தரம் என்பதை அளக்க ஐ.நா. வளர்ச்சித் திட்டம் 1990 முதல் மனித வளர்ச்சிக் குறியீடு வெளியிடுகிறது. ஆயுள், கல்வி, வருமானம் மூன்றையும் சேர்த்து ஒரு எண். 2023-ஆம் ஆண்டுத் தரவின்படி அமீரகம் 15-ஆவது இடம், இந்தியா 130. ஆனால் இது நாட்டின் சராசரி. எழுத்தறிவில் 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டிலேயே முதலிடத்தில் இருந்த நம் மாவட்டத்தின் ஒரு குடும்பத்துக்கும் அந்தச் சராசரிக்கும் நிறைய தூரம் இருக்கலாம்.

தனி ஆளுக்கு உதவும் கருவி வேறு: வாங்கும் திறன் சமநிலை. ஒரே மாதிரியான பொருள்களும் சேவைகளும் அடங்கிய ஒரு கூடை அமெரிக்காவில் ஒரு டாலர் என்றால், அதே கூடை இங்கே எத்தனை ரூபாய் என்று பார்ப்பதுதான் இது. உலக வங்கி தலைமையில் நடந்த 2017 ஒப்பீட்டுச் சுற்றில் இந்தியாவுக்கு வந்த விடை 20.65 ரூபாய். அந்த ஆண்டு டாலரின் சந்தை மதிப்பு 65.12 ரூபாய். ஆக, மாற்று விகிதம் காட்டுவதைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு வேலையை நம் ரூபாய் நம் ஊரில் செய்கிறது. வெளிநாட்டில் 3,000 டாலர் சம்பாதிப்பவரை ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டு மூச்சை இழுத்துக்கொள்ளும் முன் இந்த மூன்றை நினைத்துக்கொள்ளலாம்.

இதற்கும் எல்லை உண்டு. வாடகை, முடிவெட்டு, ஓட்டல் சாப்பாடு, ஆட்டோ, வீட்டு வேலை போன்ற உள்ளூர் சேவைகளில்தான் ரூபாய்க்கு இந்தப் பலம். லேப்டாப், செல்போன், பெட்ரோல் வாங்கப் போனால் பலம் போய்விடும். ட்ரேடரின் சாமான்கள் பாதி இந்த இரண்டாவது வகை: கம்ப்யூட்டர், திரைகள், டாலரில் கட்டணம் கேட்கும் சார்ட் மென்பொருள். வாழ்க்கைச் செலவு நாகர்கோவில் வெட்டூர்ணிமடம் விலையில், தொழில் செலவு அமெரிக்க விலையில். அப்படியும் மொத்தத்தில் சாப்பாடும் கூரையும்தான் பெரிய செலவு என்பதால், சின்ன ட்ரேடருக்கு நாகர்கோவில் மலிவான தொழிற்கூடம்தான்.

அப்படியானால் இங்கே இருந்தபடி டாலரில் சம்பாதிக்கலாமே என்று தோன்றும். சொந்தப் பணத்தில் அமெரிக்கப் பங்கு வாங்குவதற்கு ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டம் இடம் தருகிறது, ஆண்டுக்கு 2,50,000 டாலர் வரை. வரும் லாபத்துக்கு இங்கே வரி உண்டு. கொஞ்சப் பணத்தைக் கட்டிப் பெரிய தொகைக்கு வாங்கி விற்கும் மார்ஜின் ட்ரேடிங்குக்கு அந்த வழியில் பணம் அனுப்பக் கூடாது. இன்ஸ்டாகிராமில் விளம்பரம் வரும் பல ஃபாரெக்ஸ் (அந்நிய நாணய வியாபார) ஆப்களுக்கு இந்தியாவில் அனுமதியே கிடையாது. அப்படிப்பட்டவற்றின் எச்சரிக்கைப் பட்டியலை ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் வெளியிட்டு அவ்வப்போது பெயர்களைச் சேர்த்து வருகிறது. பணம் கட்டும் முன் அதை ஒரு தடவை திறந்து பாருங்கள்.

நஷ்டத்தில் யார் கூட நிற்கிறார்கள்

நாடுகளை ஒப்பிடும்போது யாரும் பேசாத, ட்ரேடருக்கு விகிதத்தைவிட முக்கியமான விஷயம் இது. ஒரு ஆண்டின் நஷ்டத்தைப் பின்வரும் ஆண்டுகளின் லாபத்தில் கழித்துக்கொள்ள அனுமதிப்பதை நஷ்டத்தை முன்கொண்டு செல்லுதல் என்பார்கள். லாபத்தில் பங்கு கேட்கும் அரசு நஷ்டத்திலும் ஒரு பங்கைத் தாங்குகிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

அமெரிக்காவில் ஆதாயத்தில் கழித்தது போக மிஞ்சும் மூலதன நஷ்டத்தில் ஆண்டுக்கு 3,000 டாலரை மட்டும் மற்ற வருமானத்தில் கழிக்கலாம், மிச்சத்தைக் கால வரம்பில்லாமல் முன்கொண்டு செல்லலாம். இந்தியாவில் எஃப் அண்ட் ஓ நஷ்டத்துக்கும் மூலதன நஷ்டத்துக்கும் எட்டு ஆண்டு. இன்ட்ராடே யூக நஷ்டத்துக்கு நான்கே ஆண்டு, அதுவும் யூக லாபத்தில் மட்டும் கழிக்கலாம். வருமான வரியே இல்லாத நாட்டில் கழிப்பதற்கு எதுவும் இல்லை. அங்கே லாபம் முழுசாக உங்களுடையது, நஷ்டமும் முழுசாக உங்களுடையது.

இது எவ்வளவு பெரிய தொகை என்பதற்குப் பழைய ட்ரேடரையே எடுத்துக்கொள்வோம். முதல் ஆண்டு எஃப் அண்ட் ஓ-வில் 3 லட்சம் நஷ்டம். இரண்டாம் ஆண்டு 15 லட்சம் லாபம். முந்தைய நஷ்டத்தைக் கழித்தால் வருமானம் 12 லட்சம், தள்ளுபடி வரம்புக்குள் வந்துவிட்டது, வரி பூஜ்யம். கழிக்காவிட்டால் 1,09,200. அதாவது அவர் இழந்த 3 லட்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வரிக் கணக்கில் திரும்பி வந்திருக்கிறது. இதற்கு அவர் துபாய்க்குப் போகவேண்டியதில்லை, முதல் ஆண்டில் கணக்கைத் தாக்கல் செய்திருந்தால் போதும்.

பலர் விடுவது இதைத்தான். ‘நஷ்டம்தானே, எதுக்கு ரிட்டர்ன்’ என்று சும்மா இருந்துவிடுவார்கள். நஷ்டத்தை முன்கொண்டு செல்ல, அந்த ஆண்டின் ரிட்டர்னை, அதாவது வருமான வரிக் கணக்கை, கெடு தேதிக்குள் போட்டிருக்கவேண்டும். ட்ரேடிங் வியாபார வருமானம் என்பதால் அதற்குரிய படிவம் ஐடிஆர்-3. சம்பளக்காரர்கள் போடும் ஐடிஆர்-1-இல் இந்த நஷ்டத்தைக் காட்ட இடமே இல்லை. கெடு தாண்டிப் போட்டால் அபராதத்தோடு ரிட்டர்ன் ஏற்கப்படும், அந்த 3 லட்சம் மட்டும் அடுத்த ஆண்டுக்கு வராது.